மாங்காய்க் கரைக்குள் புகுந்த அன்னம்

சாப்ட்வேர் கடை வேலையில் பெரிய கொடுமை எது தெரியுமா? ஆபத்து வருமுன் அதைப் பற்றிப் பேசினால் அதிகப்பிரசங்கிப் பட்டம், வந்த பிறகு பேசினால் ‘இதை முன்னாடியே சொல்ல வேண்டியதுதான?’ என்று ஏச்சு.

கம்ப்யூட்டர் படித்த ஒரே குற்றத்துக்காகச் சொந்தக்காரர் வீட்டு பிரிண்டர், டிவி, இன்வெர்ட்டர் அத்தனைக்கும் வைத்தியம் பார்த்து அலுத்துப்போன சக ஜீவன்களே, நீங்களாவது என் பக்கம் நில்லுங்கள். நான் எம்.எஸ்சி. கணினி அறிவியல் கடைசி வருஷம். வகுப்பு இல்லாத நாட்களில் சங்கரன்கோவில் ரயில்வே ஸ்டேஷன் போகிற ரோட்டில், ஒரு டீக்கடைக்கு மேல் மாடியில் இருக்கும் கடையில் வேலை. முதலாளி முப்பிடாதி அண்ணாச்சி. விசைத்தறிச் சேலைகளுக்குக் கரை டிசைன் போடும் சாப்ட்வேரை நான் பிறப்பதற்கு முன்பே தனியாளாக எழுதியவர். அந்த மரியாதை எனக்கு எப்போதும் உண்டு. மரியாதை இருப்பதால்தான் சண்டை போடுகிறேன்.

வேலை இதுதான். சேலைக் கரையில் மாங்காய் வர வேண்டுமானால், தறிக்கு மேலே தொங்கும் அட்டைகளில் அதற்குத் தகுந்தபடி ஓட்டை போட வேண்டும். எந்த இடத்தில் ஓட்டை என்று மெஷினுக்குச் சொல்வது எங்கள் சாப்ட்வேர். தறிக்காரர்கள் தங்கள் டிசைன் ஃபைலைக் கொண்டுவருவார்கள். கடையில் இருக்கும் ஒரே கம்ப்யூட்டரில் ராமலட்சுமி அக்கா அதைத் திறந்து, அட்டை போட்டுக் கொடுப்பாள். எல்லோரும் தெரிந்த முகம் என்பதால் இத்தனை காலம் வண்டி ஓடிவிட்டது. இப்போது அண்ணாச்சிக்குப் புது யோசனை. தீபாவளிச் சரக்கு தொடங்குவதற்குள், எந்த ஊர்க்காரரும் செல்போனிலிருந்தே ஃபைலை அனுப்பிவிடலாம் என்று போர்டு மாட்டப் போகிறார்.

ஊர் பேர் தெரியாதவன் அனுப்புகிற ஃபைலை, சி மொழியில் எழுதிய அந்தப் பழைய சாப்ட்வேர் கண்ணை மூடிக்கொண்டு திறக்கப் போகிறது. அதே கம்ப்யூட்டரில் ஊர்த் தறிக்காரர்கள் எல்லோருடைய டிசைனும் இருக்கிறது. போர்டு ஏறுவதற்குள், ஃபைலைத் திறந்து படிக்கிற அந்தப் பகுதியை மட்டுமாவது ரஸ்ட் மொழியில் மாற்றி எழுதிவிட வேண்டும் என்று முடிவு கட்டினேன். என் படிப்புக்கான ப்ராஜெக்ட்டும் அதுவே. ‘காகிதத்தில் ஓடினால் போதாது, கடையில் ஓட வேண்டும்’ என்று கைடு மேடம் வேறு கறாராகச் சொல்லியிருந்தார். ஆக, என் மார்க்கும் ஊர்ச் சேலைக் கரைகளும் ஒரே மனிதர் தலையசைப்பில் தொங்கின.

டிரைவர் மடியில் ஒரு பயணி

"சி கெட்ட மொழின்னு நான் சொல்லல அண்ணாச்சி. கவனமா எழுதினா அது தங்கம். ஆனா எழுதுத ஒவ்வொரு வரியிலயும் மனுஷன் கவனமா இருப்பானா?" என்று ஆரம்பித்தேன். அண்ணாச்சி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார். அவர் மின்விசிறியைப் பார்த்தால் ‘புரியும்படி சொல்லு’ என்று அர்த்தம்.

சொன்னேன். கம்ப்யூட்டரின் நினைவகத்தைப் புளியங்குடி பஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு சீட்டுக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு. சி மொழி என்பது திரும்பியே பார்க்காத கண்டக்டர். ஏறுகிறவர்களை ஏற்றிக்கொண்டே இருப்பார். சீட்டு நிறைந்தால் அடுத்த ஆள் பக்கத்துச் சீட்டுக்காரர் மேல் விழுவார், அதற்கும் அடுத்தவர் எஞ்சின் பெட்டி மேல், கடைசியில் ஒருத்தர் டிரைவர் மடியிலேயே. விழுந்தவர் அப்பாவியாக இருந்தால் பஸ் குலுங்கி நிற்கும், அவ்வளவுதான். விவரமான போக்கிரியாக இருந்தால் ஸ்டீயரிங்கைப் பிடித்துத் தன் ஊருக்கே ஓட்டிக்கொண்டு போய்விடுவான். ஒரு கெட்ட ஃபைல் கம்ப்யூட்டரைத் தன் வசப்படுத்துவது பெரும்பாலும் இப்படித்தான். ரஸ்ட் கண்டக்டரோ படியிலேயே மறித்து நிற்கிற ஆள். இடம் இல்லையென்றால் ஏற்ற மாட்டார். கணக்கு இடித்தால் பஸ்ஸை ஸ்டாண்டை விட்டே கிளம்ப விடமாட்டார்.

"பைத்தான், ஜாவா மொழிகளும்கூட மறிக்கிற ரகம்தான். ஆனா உங்க பழைய சாப்ட்வேரோட ஒட்டிப் போறதுக்கு ரஸ்ட்தான் தோது" என்று முடித்தேன். ஒரு கைதட்டல் விழும் என்று நினைத்த இடம் இது. கீழே டீ ஆற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "டிரைவரே நான்தானம்மா, என் மடியில எவன் வந்து உக்காரப் போறான்?"

சாமி பேருக்கு இடம் பத்தவில்லை

எங்கள் ஊர்த் தறிக்காரர்கள் டிசைனுக்குப் பேர் வைக்கிற அழகை நீங்கள் பார்க்க வேண்டும். வெறுமனே ‘மாங்காய்’ என்று வைக்க மாட்டார்கள். முதலில் பிள்ளையார் சுழி. அப்புறம் குலசாமி. அப்புறம் சங்கரலிங்கசாமி கோமதியம்பாள் துணை. அப்புறம் மூத்த மகள் பேர். அதற்கும் மேல் மனசிருந்தால் மாங்காய். முன்பெல்லாம் இதை இங்கிலீஷில் சுருக்கி அடித்துக்கொண்டிருந்தார்கள். செல்போனில் தமிழ் அடிக்கப் பழகியதும் சாமிகள் முழு அலங்காரத்தோடு எழுந்தருள ஆரம்பித்துவிட்டார்கள். கம்ப்யூட்டருக்குள் ஒரு தமிழ் எழுத்து, இங்கிலீஷ் எழுத்தைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். டிசைன் பேருக்கு அண்ணாச்சி ஒதுக்கி வைத்த பெட்டியோ இங்கிலீஷ் அளவுக்குத் தைத்த சட்டை.

சுடலைமுத்து அண்ணாச்சி என்று ஒரு வாடிக்கையாளர். கடைக்கு மூத்த மருமகன் மாதிரி உரிமையோடு வருவார். அன்றைக்கு அவர் ஃபைலைத் திறந்ததும் சாப்ட்வேர் பட்டென்று செத்தது. மறுபடி திறந்தாள் அக்கா, மறுபடி செத்தது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "பாத்தீங்களா அண்ணாச்சி, பேரு பெட்டியை விட்டு வழிஞ்சு அடுத்த இடத்துல போய் விழுந்திருக்கு! சாமி பேரா இருக்கப் போயி சும்மா நின்னுச்சு. இதே இடத்துல ஒருத்தன் கட்டளைய எழுதி அனுப்பினா?" என்று குதித்தேன். முப்பிடாதி அண்ணாச்சி நிதானமாக ஒரு தாளை எடுத்து, பெரிய எழுத்தில் எழுதி, சுவரில் ஒட்டினார். ‘டிசைன் பெயர் சிறியதாக இருக்கட்டும். சாமியை மனதிற்குள் கும்பிடவும்.’

நான் விடவில்லை. நோட்டீஸ் நல்லவர்களுக்குத்தான் செல்லும். கெட்டவன் வந்து நின்று படித்துவிட்டா ஃபைல் அனுப்புவான்? பூட்டு வேண்டிய இடத்தில் ‘தயவுசெய்து திருடாதீர்கள்’ என்று எழுதி ஒட்டுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? நான் பேசிக்கொண்டிருக்கும்போதே சுடலைமுத்து அண்ணாச்சி நோட்டீஸ் முன்னால் போய் நின்று, ஒவ்வொரு எழுத்தாகப் படித்து முடித்துவிட்டு எங்கள் இரண்டு பேர் பக்கமும் திரும்பினார்: "சாமி பேரயே தாங்க மாட்டேங்குது, இந்தச் சாப்ட்வேர வச்சு நீங்க என்னத்தய்யா கட காக்கப் போறிய?"

கூப்பிடாமல் வந்த கால்குலேட்டர்

பேச்சில் நம்பாதவருக்குச் செய்து காட்டுவதுதான் வழி. "வெறும் ஃபைலு கம்ப்யூட்டர ஆட்டிவைக்கும்னா ஆட்டிக் காட்டு பாப்போம்" என்று அண்ணாச்சியே சவால் விட்டார். கடையில் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றில் அதே சாப்ட்வேரைப் போட்டுக்கொண்டேன். அந்தக் காலத்துச் சாமானை வைத்துக் கட்டிய சாப்ட்வேர். இப்போது வருகிற தடுப்பு எதுவும் அதில் கிடையாது. கல்லூரி லேபில் மல்லுக்கட்டி ஒரு ஃபைல் தயாரித்தேன். வெளியிலிருந்து பார்த்தால் சாதுவான மாங்காய்க் கரை. பேர் இருக்க வேண்டிய இடத்தில், வழிந்து போய் ஸ்டீயரிங்கைப் பிடிக்கிற கட்டளை. தீங்கில்லாமல் செய்து காட்டுகிறவர்கள் கால்குலேட்டரைத் திறக்க வைப்பது வழக்கம். நானும் அதையே செய்தேன்.

ராமலட்சுமி அக்கா டீ டம்ளரோடு வந்து நின்றாள். அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டார். ஃபைலைத் திறந்தேன். சாப்ட்வேர் மறைந்தது, அது இருந்த இடத்தில் கால்குலேட்டர் வந்து பல்லைக் காட்டியது. நான் வெற்றி வீராங்கனை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டேன். அண்ணாச்சி மவுஸை வாங்கி ஏதோ பெருக்கிப் பார்த்தார். விடை சரியாக வந்தது. அவர் முகத்தில் ஒரு திருப்தி.

"அண்ணாச்சி! விஷயம் கால்குலேட்டர் இல்ல. ஒரு மாங்கா ஃபைலு, உங்க உத்தரவு இல்லாம உங்க கம்ப்யூட்டர்ல வேற ஒண்ணை ஓட்டியிருக்கு. கால்குலேட்டருக்குப் பதிலா எல்லா டிசைனையும் அழிக்கிற ஒண்ணை ஓட்டலாம். எல்லாத்தையும் அள்ளி எவனுக்கோ அனுப்பலாம்!" நான் கத்தி முடித்தபோது அண்ணாச்சி இன்னொரு கூட்டலும் போட்டு முடித்திருந்தார். அவர் சொன்னது: "கணக்குப் பாக்கத்தான வந்திருக்கு, இருந்துட்டுப் போகட்டும்."

பத்திரிகை வைத்தவர் யார்?

இதற்கு நடுவில் என் கட்சிக்கு ஒரு பின்னடைவு. அண்ணாச்சியின் செல்போனுக்கு ஒரு கல்யாணப் பத்திரிகை வந்தது. யார் வீட்டுக் கல்யாணம் என்று பார்க்கும் ஆவலில் தொட்டார். அது ஏதோ இறங்கட்டுமா என்று கேட்டது. சரி என்றார். இன்னும் ஏதோ அனுமதி கேட்டது. அதற்கும் சரி என்றார். கல்யாணம் என்று வந்தால் நம் ஆட்கள் எதற்கும் மறுக்க மாட்டார்கள். வந்தது பத்திரிகை அல்ல, பத்திரிகை வேஷம் போட்ட செயலி. கொஞ்ச நேரத்தில் அவர் போனிலிருந்து ஊர்த் தறிக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதே பத்திரிகை போய்ச் சேர்ந்தது. ‘முப்பிடாதி மகளுக்குக் கல்யாணமாமே, சொல்லவே இல்லையே?’ என்று ஆளாளுக்குக் கோபம். அண்ணாச்சிக்கு மகளே கிடையாது.

போனைத் துடைத்துச் சுத்தம் பண்ணி நான் கொடுத்ததும் அவர் முகம் தெளிந்தது. தெளிந்த முகத்தோடு என்னைப் பிடித்துக்கொண்டார். "ஏம்மா, இது ரஸ்ட்டுல எழுதியிருந்தா வந்திருக்காதோ?" வந்திருக்கும். அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். கெட்டதை எந்த மொழியிலும் எழுதலாம். நாமே கதவைத் திறந்து இலை போட்டு உட்கார வைத்தால் எந்த மொழியும் தடுக்காது. "மொழி சுவத்துல இருக்கிற ஓட்டைய அடைக்கும் அண்ணாச்சி. வாசக்கதவு உங்க கையில" என்றேன். உடனே அடுத்த பாணம். "நானாவது அம்புட்டையும் என் கையால எழுதினேன். இப்ப உள்ள பிள்ளையள் எவனோ எழுதிவச்சதை இறக்கி இறக்கிச் சேத்துக்கிடுதிய. அதுக்குள்ள என்ன கெடக்குன்னு எவன் கண்டான்?"

இது நியாயமான கேள்வி. என்னைக் கோபப்படுத்துவதும் அவருடைய நியாயமான கேள்விகள்தான். இரவல் வாங்கிய நிரலுக்குள் விஷம் வைத்து அனுப்புகிறவர்கள் உண்டு. ரஸ்ட்டும் அதற்கு விலக்கில்லை. அதனால் அந்த இடத்திலேயே சபதம் செய்தேன். ஃபைலைப் படிக்கிற பகுதியில் வெளியாள் எழுதியது ஒரு வரிகூட இருக்காது, அத்தனையும் நானே எழுதுவேன் என்று. சொன்ன பிறகுதான் என் வேலையை நானே எத்தனை மடங்காக்கிக்கொண்டேன் என்பது உறைத்தது. ராமலட்சுமி அக்கா அட்டைக் கட்டை இறுக்கிக்கொண்டே சிரித்தாள்: "ஏட்டி கோமதி, பத்திரிகையத் தொட்டது அவரு, மொய் எழுதுதது நீயா?"

மாங்காய்க் கரைக்குள் அன்னம்

தறிக்காரர்களுக்குப் புதுக் கரை டிசைன் என்பது பெட்டியில் வைத்த நகை மாதிரி. சரக்கு கடைக்கு வரும்வரை அண்ணன் தம்பிக்குக்கூடக் காட்ட மாட்டார்கள். சுடலைமுத்து அண்ணாச்சி அந்த வருஷத் தீபாவளிக்கு ஒரு அன்னப்பறவை வைத்திருந்தார். கழுத்தை வளைத்துத் தன் முதுகையே பார்க்கிற அன்னம். அட்டை போடும்போது திரையை யாரும் பார்க்கக்கூடாது என்று தோள் துண்டை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார். முடிந்ததும் ஃபைலைக் கம்ப்யூட்டரிலிருந்து அழிக்கச் சொல்லி, அழித்ததைப் பார்த்துவிட்டுத்தான் படியிறங்கினார். அவருக்கு அடுத்து, புளியங்குடிக் கணபதி அண்ணனின் மாங்காய்க் கரை. புது ஏற்பாட்டுக்கு ஒத்திகை என்று அவரைச் செல்போனிலிருந்தே அனுப்பச் சொல்லியிருந்தார் முப்பிடாதி அண்ணாச்சி. வந்தது, திறந்தது, அட்டையும் போட்டாயிற்று. மாங்காய்க்கு அப்புறம் ஏதோ பறவை மாதிரி வருகிறதே என்று கணபதி அண்ணன் போனில் கேட்டபோது, ‘கம்ப்யூட்டரே அழகு பண்ணியிருக்கும்’ என்று அண்ணாச்சி பெருமையாகச் சொன்னது எனக்கு அப்போது தெரியாது.

சில வாரம் கழித்துச் சுடலைமுத்து அண்ணாச்சி மாடிப்படியில் ஏறி வந்த சத்தமே வேறு மாதிரி இருந்தது. கையில் ஜவுளிக்கடையில் வாங்கிய ஒரு சேலை. மேஜையில் விரித்தார். கரை முழுக்க மாங்காய். மாங்காய்க்கு நடுவில், கழுத்தை வளைத்துத் தன் முதுகையே பார்க்கிற அன்னம். "என் கூட இருந்து அட்ட போட்டது இந்தப் பிள்ள ஒருத்திதான். எவன்ட்ட வித்தா?" என்றார். ராமலட்சுமி அக்கா மெஷினை அணைத்தாள், பையை எடுத்தாள், கண் கலங்கி அப்படியே நின்றாள். இத்தனை வருஷமாக ஊரில் உள்ள எல்லார் டிசைனையும் பார்த்தும் யாரிடமும் வாய் திறக்காதவள் அவள். முப்பிடாதி அண்ணாச்சி மின்விசிறியைப் பார்க்கக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்.

அன்னத்துக்கு அடுத்து அட்டை போட்டது கணபதி அண்ணனின் மாங்காய்க்குத்தான் என்பது எனக்குச் சட்டென்று பிடிபட்டது. "கணபதி அண்ணனைக் கூப்பிடுங்க" என்றேன். வந்தார். அவருடைய மாங்காய் ஃபைலைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நினைத்தது சரி. செல்போன் சிக்னல் அறுந்து, ஃபைல் பாதிதான் வந்திருக்கிறது. ‘நான் இவ்வளவு நீளம்’ என்று முகப்பில் சொல்லியிருக்கிறது, உள்ளே அவ்வளவு சரக்கு இல்லை. அண்ணாச்சியின் சாப்ட்வேர் சொன்ன நீளத்தை நம்பி நினைவகத்தில் இடம் எடுத்திருக்கிறது. ஆடித்தபசுத் திருவிழாக் கூட்டத்தில் லாட்ஜ்காரர், போனவர் விட்டுப்போன சாமானைக்கூட எடுக்காமல் அடுத்தவருக்குச் சாவி கொடுப்பாரே, அப்படி. முன்னால் அந்த அறையில் தங்கியிருந்தது அன்னம். மாங்காய் நிரம்பாத மிச்ச இடத்தில் அதுவே உட்கார்ந்திருக்கிறது. ஃபைலை அழித்தார்கள்; அறையை யாரும் கூட்டவில்லை. ரஸ்ட்டில் எழுதியிருந்தால் இப்படிக் கூட்டாத அறையைத் திறந்து பார்க்கவே விடாது என்றேன்.

வாயால் சொன்னால் யார் நம்புவார்கள்? சுடலைமுத்து அண்ணாச்சியிடம் கெஞ்சி அவர் பென்டிரைவை வாங்கினேன். அன்னத்தைத் திறந்தேன், மூடினேன். பிறகு எல்லார் கண் முன்னாலும், உள்ளே ஒன்றுமே இல்லாமல் நீளத்தை மட்டும் பெரிதாகச் சொல்கிற வெற்று ஃபைல் ஒன்றைத் தயாரித்துத் திறந்தேன். திரையில் அன்னம், கழுத்தை வளைத்தபடி வந்து நின்றது. சுடலைமுத்து அண்ணாச்சி அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் அக்கா பக்கம் திரும்பி, "தாயி, பைய கீழ வையி. நான் பேசினது பேச்சே இல்ல" என்றார். அக்கா வைத்தாள். எனக்கு அன்றைக்கு வாதத்தில் ஜெயித்த சந்தோஷம் வரவில்லை. இது ஆபத்து என்று கத்திக்கொண்டே இருந்த எனக்கு, ஆபத்து இந்த அக்கா தலையில் வந்து விழும் என்று மட்டும் தோன்றவே இல்லை. அப்போது கணபதி அண்ணன், ரொம்ப நேரமாக எதையோ கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தவர், வெள்ளந்தியாகக் கேட்டார்: "அப்போ சும்மா ஒரு வெத்து ஃபைல அனுப்பினா, முந்தின ஆளு டிசைன் எனக்கு வந்துருமா?"

பழைய மாதிரி திற

அந்த ஒரு கேள்வி என் பிரசங்கம் அத்தனையும் செய்யாததைச் செய்தது. போர்டு மாட்டுவதைத் தள்ளி வைத்தார் முப்பிடாதி அண்ணாச்சி. "நீ சொன்ன பகுதிய மாத்திக்கோ" என்று கீபோர்டை என் பக்கம் தள்ளினார். எழுதினேன். ரஸ்ட் கண்டக்டர் என்னையும் விடவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். ஒவ்வொரு வரிக்கும் மறித்து, ‘இந்த இடம் யாருடையது, எப்போது காலியாகும்?’ என்று மாமியார் மாதிரிக் கேட்டுக்கொண்டே இருந்தது. ஒரு வழியாக முடிந்தது. பாதி வந்த ஃபைலா, திறக்காது. பேர் பெட்டியை விட்டு வழிகிறதா? பெட்டியையே வேண்டிய அளவுக்குப் பெரிதாக்கிக்கொள்ளும். பிள்ளையார் சுழியிலிருந்து மூத்த மகள் வரை எல்லோருக்கும் சீட்டு உண்டு.

அடுத்த நாள் கடைக்கு வந்து பார்த்தால், திரையின் ஓரத்தில் நான் வைக்காத ஒரு பட்டன். ‘பழைய மாதிரி திற.’ புதியது மறுக்கிற ஃபைலை, அமுக்கினால் பழைய சி நிரல் திறந்துவிடும். வைத்தவர் அண்ணாச்சி. "ஏன்?" என்று பாய்ந்தேன். "யாவாரி அவசரத்துல வந்து நிப்பான், திறக்காதுன்னு எப்படியம்மா சொல்லுவேன்? ஒரு வழி இருக்கட்டும்." முன் வாசலுக்கு இரும்புக் கதவு போட்டுவிட்டுக் கொல்லைப்புறத்தைத் திறந்து வைப்பது எந்த ஊர் நியாயம் என்று கேட்டேன். மறுக்கிற ஃபைலைத் திறக்கத்தான் அந்தப் பட்டன். கெட்டவன் அனுப்புவதும் அந்த ஃபைலைத்தான். இதைவிட வசதியாக அவனுக்கு என்ன செய்து கொடுக்க முடியும்? மார்க் போனாலும் பரவாயில்லை, பட்டனோடு இதை என் வேலை என்று கைடு மேடத்திடம் காட்ட மாட்டேன் என்றேன். அவர் அசையவில்லை. அவருடைய சாப்ட்வேரில் அது ஒரு மூலை, அவருடைய வாலிபத்தில் ஒரு துண்டு. அது எனக்கும் தெரிந்ததுதான். அதனால்தான் அன்றைக்கு என் குரலே சரியாக எழும்பவில்லை.

எழும்பியது வேறொரு குரல். கணபதி அண்ணனின் ஃபைல் மறுபடி பாதியாக வந்து, புதியது திறக்க மறுத்தது. "அந்தப் பட்டன அமுக்கிவிடு தாயி" என்றார் முதலாளி. ராமலட்சுமி அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். "நான் அமுக்க மாட்டேன் அண்ணாச்சி. அன்னைக்குப் பைய எடுத்துட்டு நின்னது நான். அந்தப் பட்டன் அங்கன இருந்தா இன்னொருக்க அப்படி நிக்க வேண்டிவரும். அமுக்கணும்னா நீங்களே அமுக்குங்க, நாளைக்கு எவனும் வந்து கேட்டா நீங்களே பதில் சொல்லுங்க." அவள் இவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. அண்ணாச்சி மவுஸைப் பிடித்தார். விட்டார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். பிறகு தன் நாற்காலியில் உட்கார்ந்து, தான் எழுதிய அந்தப் பகுதியைத் தானே அழித்தார். பட்டன் போயிற்று. கணபதி அண்ணன் சிக்னல் இருக்கிற இடமாகப் பார்த்து நின்று ஃபைலை மறுபடி அனுப்பினார். மாங்காய் முழுசாக வந்தது. மறுநாள் போர்டும் ஏறியது.

நான் எழுதி வைத்திருந்த மறுப்புச் செய்தி கொஞ்சம் நீளம். ‘இந்த ஃபைல் தன்னைப் பற்றிச் சொல்வதும் உள்ளே இருப்பதும் ஒத்துப்போகவில்லை, ஆகவே இதை நம்ப இயலாது, முழுமையாக மீண்டும் அனுப்பவும்’ என்று. அடுத்த வாரம் சுடலைமுத்து அண்ணாச்சியின் ஃபைலை அது திருப்பி அனுப்பியது. அவர் படியேறி வந்து, திரையை மேலிருந்து கீழே வரை படித்துவிட்டுச் சொன்னார்: "முன்னால இது வாயத் திறக்காமச் செத்துப்போவும், இப்ப நின்னு நியாயம் பேசுது, இது கோமதி எழுதினதுதான?"

போர்டு மாட்டியதிலிருந்து இன்றுவரை எங்கள் கடையில் எதுவுமே நடக்கவில்லை என்பதுதான் என் ப்ராஜெக்ட்டின் முழு வெற்றி, ஆனால் நடக்காத ஒன்றைப் படம் பிடித்து ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டில் ஒட்டச் சொல்கிறார் கைடு மேடம்.